பறவையை வருத்தாத இறகு

தில்லைக் கூத்தப்பெருமானின் செப்புத் திருமேனிகளை உற்று நோக்குவோர், திருமுடியின்மேல் விசிறிபோல் விரிந்து நிற்கும் இறகலங்காரத்தைக் காணத் தவறுவதில்லை. தேவார ஆசிரியர்களும் அப்பெருமானைக் கொக்கிறகு சூடியவர் என்று பலவிடங்களில் போற்றியிருக்கிறார்கள். விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் சந்நிதிக்குக் காவடி எடுத்து வரும் பக்தர்களின் தோளிலே மயிற்பீலி அசைகிறது. கடைத்தெருவிலோ அதே பீலி காதணியாகவும் பூச்சாடிக்குரிய அலங்காரமாகவும் விலைபோகிறது. இவ்வாறு பக்தியோடும் அழகுணர்ச்சியோடும் கலந்துவிட்ட ஒரு பொருள், பறவையிடமிருந்து எவ்விதம் பெறப்பட்டது என்று விசாரிப்பது எல்லோர்க்கும் உரிய கடமையே எனினும், சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் அவதரித்து, 1867இல் வடலூரிலே தருமச்சாலை கண்டு, ஜீவகாருண்யத்தையே வழிபாடாக்கிய இராமலிங்க சுவாமிகளின் மாவட்டத்தார்க்கு அக்கடமை விசேஷமாக உண்டு.

இறகின்மீது கொண்ட மோகம் எத்தகைய நாசத்தை விளைவிக்கும் என்பதை உலகம் ஒருமுறை கண்டிருக்கிறது. ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிகளை அலங்கரிப்பதற்காக வெண்கொக்குகள் லட்சக்கணக்கில் சுடப்பட்ட காலம் அது. கொக்கின் முதுகிலே நூலிழை போன்ற அந்த மெல்லிய தூவிகள் இனப்பெருக்கப் பருவத்திலேதான் தோன்றுமாகையால், தாயும் தந்தையும் வேட்டையில் மடிய, கூட்டிலிருந்த குஞ்சுகள் இரையின்றி மாண்டன. இந்தியாவிலிருந்து காட்டுப் பறவைகளின் இறகை ஏற்றுமதி செய்வது 1902இலேயே தடுக்கப்பட்டது. பிரிட்டன் தன் இறக்குமதியைத் தடுக்க 1921 வரை தாமதித்தது. பிச்சாவரத்துச் சதுப்பிலும் வீராணத்தின் கரையிலும் இன்று நாம் காணும் கொக்குகள் அதே தூவிகளைத்தான் பருவந்தோறும் தரிக்கின்றன.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1963இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயிலைத் தன் முதல் அட்டவணையில் வைத்து உச்சமான பாதுகாப்பை அளித்திருக்கிறது. ஆயினும் நம் சம்பிரதாயங்களைக் கருதி, மயிலின் தோகையிறகை உள்நாட்டில் வைத்திருப்பதற்கும் விற்பதற்கும் விலக்கு அளித்துள்ளது. கொக்கு, நாரை முதலியவற்றின் இறகுக்கு இந்த விலக்கு இல்லை. மயிற்பீலியையும் அதனாலான கைவினைப் பொருள்களையும் ஏற்றுமதி செய்ய அனுமதியில்லை என்பதால், சிங்கப்பூரிலுள்ள மகளுக்கு ஒரு பீலி விசிறியைப் பரிசாக அனுப்ப நினைப்போர் அவ்வெண்ணத்தை விட்டுவிட வேண்டியதுதான். விலக்கு நல்லெண்ணத்தில் பிறந்ததே. ஆனால் சந்தைக்கு வரும் பீலியெல்லாம் தானாக உதிர்ந்ததே என்ற நம்பிக்கையின்மேல் அது நிற்கிறது. அந்த நம்பிக்கைக்கு அத்தாட்சி எந்தக் கட்டோடும் வருவதில்லை. ஆகவே சட்டம் கேளாத கேள்வியை வாங்குகிறவர்தான் கேட்டாக வேண்டும்.

அதற்கு விடை பீலியின் கண்ணிலே இல்லை, அடித்தண்டிலே இருக்கிறது. ஆண்மயில் ஆண்டுக்கு ஒருமுறை, இனப்பெருக்கக் காலம் முடிந்தபின், தன் தோகையிலுள்ள 150க்கும் மேற்பட்ட பீலிகளைத் தானே உதிர்த்துவிடுகிறது. அப்படி உதிர்ந்த பீலியின் அடி உலர்ந்து, வெளுத்து, நுனி கூம்பி, சுத்தமாக இருக்கும். வலிந்து பிடுங்கியதிலோ தண்டின் அடியில் கருஞ்சிவப்பான இரத்தக்கறை படிந்திருக்கும். சில வேளை தோலும் தசைத்துணுக்கும் ஒட்டியிருக்கும். கட்டிலுள்ள பீலிகள் அனைத்தின் அடியும் ஒரே சீராக நறுக்கப்பட்டிருக்குமானால், அழகுக்காக நறுக்கியது என்று வியாபாரி சொன்னாலும், சாட்சியம் அங்கே அழிந்துவிட்டது என்று கொண்டு, அக்கட்டை வாங்காமல் திரும்புவதே உத்தமம். விளைச்சலைத் தின்கிறதென்று மயிலுக்கு விஷம் வைக்கும் கொடுமையும் நம் நாட்டில் நடக்கிறது. அப்படி இறந்த பறவையின் தோகையும் பணமாகும் என்ற நிலை வந்துவிடலாகாது.

மயிலை நம்பாமலே நடக்கக்கூடிய கைவினைகள் பல உண்டு. சம்பா அறுவடை முடிந்ததும் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து வயல்களில் சிந்திய நெல்லைப் பொறுக்க வாத்துக் கூட்டங்களை ஓட்டி வருகிறார்கள். இரவில் அவற்றை அடைத்த பட்டியைக் காலையில் பார்த்தால், உதிர்ந்த இறகுகள் சேற்றோடு சேறாகக் கிடக்கும். கேட்டு எடுத்துக்கொள்ளலாம், மேய்ப்பவருக்கு நாலு காசு கொடுப்பதும் நியாயம். கோழிக்கறிக் கடைகளில் குப்பைக்குப் போகும் இறகு ஜீவகாருண்ய நெறி நிற்போர்க்கு உகவாது; ஆயினும் அதற்கென்று ஓர் உயிர் கூடுதலாகப் போகவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நோய்கண்ட கூட்டத்தின் இறகை மட்டும் எவரும் தொடவே கூடாது.

எடுத்து வந்த இறகைப் பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, அடியிலிருந்து நுனிநோக்கி விரலால் மெதுவாக நீவினால், பிரிந்துபோன இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பழைய உருவத்துக்கு வந்துவிடும். இறகும் கம்பளியைப் போன்ற புரதமே ஆகையால், கம்பளிக்குரிய சாயத்தில் சிறிது வினிகர் கலந்து சூடேற்றினால், வெள்ளை வாத்திறகு நாம் விரும்பும் நீலத்தையும் பச்சையையும் நன்றாகவே ஏற்றுக்கொள்ளும்.