ஆணுக்கொரு கணக்கு, பெண்ணுக்கொரு கணக்கு

குடும்பத் தலைவர் நாற்பது வயதைக் கடந்துவிட்டால் வீட்டில் இரத்தப் பரிசோதனை பற்றிய பேச்சு எழுவது இயல்பு. பரிசோதனைத் தாளை வாங்கிப் படிப்பவள் மனைவி. கறியில் எண்ணெயைக் குறைப்பவளும், பொரியலை நிறுத்துபவளும் அவளே. ஆனால், அவளுடைய இரத்தத்தை எவரேனும் சோதித்ததுண்டா? "எனக்கென்ன, நான் நன்றாகத்தானே நடமாடுகின்றேன்" என்று அவள் சொல்லிவிட்டால் விஷயம் அத்துடன் முடிந்துவிடுகின்றது. மாரடைப்பு ஆண்களின் நோய் என்ற எண்ணம் அத்துணை ஆழமாக வேரூன்றியிருக்கின்றது. அதில் ஒரு பாதி உண்மையுண்டு. மற்றப் பாதி ஆபத்தானது. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமாயின், இரத்தத்திலுள்ள கொழுப்பு பிறப்பு முதல் முதுமை வரை எவ்வாறு மாறி வருகின்றது என்பதை நாம் அறிதல் வேண்டும்.

கொழுப்பு நீரிற் கரைவதில்லை. இரத்தமோ பெரும்பாலும் நீர். ஆகவே கொழுப்பு, புரதத்தோடு சேர்ந்து நுண்ணிய பொதிகளாகவே இரத்தத்தில் மிதந்து செல்கின்றது. எல்.டீ.எல். என்னும் பொதிகள் கொலஸ்ட்ரோலை உடலெங்கும் கொண்டுசெல்வன; மிகுந்துவிட்டால் இவை நாடிகளின் சுவரிற் புகுந்து படியும். எச்.டீ.எல். என்பவை அதனை மீண்டும் ஈரலுக்குக் கொணர்பவை. டிரைகிளிசரைட் என்பது உடல் எரிபொருளாகப் பயன்படுத்தும் கொழுப்பு. பரிசோதனைத் தாளிலே காணப்படும் எண்கள் பெரும்பாலும் இவற்றைப் பற்றியனவே.

பிறந்த குழந்தையின் தொப்புட்கொடி இரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரோல் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 70 மில்லிகிராம் மாத்திரமே. பால் குடிக்கத் தொடங்கியதும் அது விரைவாக ஏறி, இரண்டு வயதளவில் 150 மில்லிகிராமை அண்மிவிடுகின்றது. பின்னர் பல ஆண்டுகள் பெரிய மாற்றமில்லை. இக்காலத்தில் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் அதிக வேற்றுமை கிடையாது.

பருவமடையும் காலத்திலேதான் வழிகள் பிரிகின்றன. இருபாலாரிடத்தும் மொத்தக் கொலஸ்ட்ரோல் சற்று இறங்குகின்றது. ஆனால், பையன்களிடத்தில் ஆண்மை ஓமோன் பெருகும்போது எச்.டீ.எல். அளவும் குறைந்துவிடுகின்றது, சிறுமிகளிடத்தில் அவ்வாறு குறைவதில்லை. அன்று தோன்றிய இடைவெளி, வளர்ந்தோரிடத்து ஏறத்தாழ 10 மில்லிகிராமாக நெடுங்காலம் நிலைத்து நிற்கின்றது. இதனாலேயே எச்.டீ.எல். 40க்குக் கீழே இருந்தால் ஆணுக்குக் குறைவு என்றும், 50க்குக் கீழே இருந்தால் பெண்ணுக்குக் குறைவு என்றும் வைத்தியர் கணக்கிடுவர். 45 என்னும் ஒரே எண் கணவனின் தாளில் வரம்புக்குள்ளும் மனைவியின் தாளில் வரம்புக்கு வெளியேயும் நிற்கும். தாளிலே அச்சிட்டிருக்கும் ஒரே வரம்பை இருவருக்கும் பொருத்திப் பார்ப்போர் இதனைக் கவனிப்பதில்லை.

இருபது வயதுக்குப் பின் ஆணின் எல்.டீ.எல். படிப்படியாக ஏறி, ஐம்பதளவில் ஒரு சமநிலையை அடைகின்றது. டிரைகிளிசரைட்டும் நடுவயதிலேயே அவனிடத்தில் உச்சத்தை எட்டுகின்றது. பெண்ணின் எல்.டீ.எல். அந்த ஆண்டுகளில் மெதுவாகவே ஏறும். இடையிலே கருவுற்ற காலம் மாத்திரம் விதிவிலக்கு. அப்போது கொலஸ்ட்ரோல் கணிசமாக உயர்வதுடன், டிரைகிளிசரைட் இரண்டு மூன்று மடங்காகவும் பெருகும். கருவை வளர்ப்பதற்காக உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. ஆதலால் கர்ப்பகாலத்திலும் பிரசவத்தை அடுத்த சில வாரங்களிலும் எடுத்த எண்களைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

பிறேமிங்காம் நகரத்தார்

ஆணும் பெண்ணும் இவ்வாறு வேறுபடுவதை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்தவர்கள், அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில், பொஸ்டன் நகருக்கு மேற்கே ஏறத்தாழ இருபது மைல் தொலைவிலுள்ள பிறேமிங்காம் என்னும் சிறு நகரத்தில் ஆராய்ச்சி நடத்தியவர்களே. 1948ஆம் ஆண்டில், முப்பது முதல் அறுபத்திரண்டு வயது வரையிலான 5,209 பேர் அங்கு சேர்க்கப்பட்டனர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களை அழைத்து, இரத்தமும் இரத்த அழுத்தமும் இருதயமும் சோதிக்கப்பட்டன. 1971இல் அவர்களின் பிள்ளைகளும், 2002இல் பேரப்பிள்ளைகளும் சேர்ந்துகொண்டனர். அந்த முதல் தொகுதியினருள் 2,873 பேர் பெண்கள், அதாவது பாதிக்கு மேல். இருதய நோய் ஆண்களின் நோய் என்றே பலரும் கருதிய அக்காலத்தில் இது சாதாரண விஷயமன்று.

இளமையில் ஆண்களை விடக் குறைந்திருந்த பெண்களின் கொலஸ்ட்ரோல், ஐம்பது வயதை ஒட்டி அவர்களை எட்டிப் பிடித்து மேலே செல்வதை அவ்வாராய்ச்சி காட்டியது. அன்றியும், ஒரே வயதினரான பெண்களுள் மாதவிடாய் நின்றவர்களிடத்தில் இருதய நோய் மிகுந்திருந்தமையும் 1970களில் வெளிவந்தது. பிற்காலத்தில், மாதவிடாய் நிற்கும் பருவத்தைக் கடந்த 1,054 அமெரிக்கப் பெண்களைப் பற்றி 2009இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதனை இன்னும் நுட்பமாக்கியது. எல்.டீ.எல். ஏற்றம் வயதோடு சிறுகச் சிறுக வந்ததன்று. கடைசி மாதவிடாயை ஒட்டிய ஏறத்தாழ ஓராண்டுக்குள்ளேயே அது விரைந்து நிகழ்ந்தது.

காரணம் என்ன? ஈரலின் மேற்பரப்பிலே எல்.டீ.எல். பொதிகளைப் பிடித்து உள்ளிழுக்கும் வாங்கிகள் உண்டு. இவற்றை 1973இல் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகளான மைக்கல் பிறவுண், ஜோசெப் கோல்ட்ஸ்ரைன் ஆகிய இருவருக்கும் 1985இல் நோபெல் பரிசு கிடைத்தது. பெண்மை ஓமோனாகிய ஈஸ்ட்ரோஜன் இவ்வாங்கிகளைப் பெருகச் செய்கின்றது. அது வற்றும்போது வாங்கிகள் குறைகின்றன. பொதிகள் இரத்தத்திலேயே தேங்குகின்றன. சமையலறையில் எந்த மாற்றமும் இல்லாமலே தாயின் கொலஸ்ட்ரோல் ஏறுவதற்கு இதுவே முக்கிய காரணம். "நான் என்ன பிழையாகச் சாப்பிட்டேன்" என்று அவள் தன்னை நொந்துகொள்வதில் நியாயமில்லை.

மருந்தாக வந்த ஓமோன்

அப்படியானால் ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயற்கையே. வைத்திய உலகத்துக்கும் அது எழுந்தது. ஆண்களுக்கே கொடுத்துப் பார்த்தார்கள்! 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பெரும் பரிசோதனையில், முன்னர் மாரடைப்புக்கு உள்ளான 8,341 ஆண்கள் கலந்துகொண்டனர். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு ஈஸ்ட்ரோஜன் அளிக்கப்பட்டது. மீண்டும் மாரடைப்பும் இரத்தம் உறைதலும் மிகுந்தமையால் கூடிய அளவு மருந்து 1970இல் நிறுத்தப்பட்டது. குறைந்த அளவும் பயன் தராமல் 1973இல் கைவிடப்பட்டது.

பெண்களிடத்திலும் முடிவு மகிழ்ச்சி தருவதாயில்லை. இருதய நோயுள்ள 2,763 பெண்களுக்கு ஓமோன் கொடுத்து நடத்திய பரிசோதனையின் பெறுபேறு 1998இல் வெளிவந்தது. எல்.டீ.எல். இறங்கியது, எச்.டீ.எல். ஏறியது, தாளிலே எல்லாம் அழகாயிருந்தது. மாரடைப்போ குறையவில்லை, முதலாண்டில் கூடியும் இருந்தது. 16,608 பெண்களைக் கொண்ட மற்றொரு பரிசோதனை, மார்புப் புற்றுநோயும் பக்கவாதமும் மிகுந்ததனால் 2002இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஓமோன் சிகிச்சைக்கு வேறு பயன்கள் உண்டு. ஆனால் இருதயத்தைக் காக்கும் நோக்கத்தோடு அதனைக் கொடுக்கும் வழக்கம் அத்துடன் ஒழிந்தது.

ஆகவே பெண்ணுக்கு இயற்கை அளித்தது விலக்கன்று, தவணை மாத்திரமே. இலங்கை உட்பட 52 நாடுகளில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியின்படி, முதல் மாரடைப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பிந்தி வருகின்றது. அதே ஆராய்ச்சியிலிருந்து 2007இல் வெளிவந்த கணக்கொன்று நம்மவர் கவனிக்கத் தக்கது: இந்தியா, பாக்கிஸ்தான், வங்காளதேசம், நேபாளம், இலங்கை ஆகிய ஐந்து நாட்டினர்க்கும் முதல் மாரடைப்பு வந்த நடு வயது 53, ஏனைய நாட்டினர்க்கு 59. நமது பிரதேசத்து மக்களிடம் எச்.டீ.எல். குறைந்தும் டிரைகிளிசரைட் கூடியும் இருப்பது பெருவழக்கு. எல்.டீ.எல். எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடைபவர்கள் இவ்விரண்டையும் கேட்டறிதல் நன்று.

பெண்களுக்கு வரும் மாரடைப்பு நெஞ்சுவலியாக மட்டும் வருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். மூச்சுத் திணறல், காரணமற்ற களைப்பு, குமட்டல், முதுகிலோ தாடையிலோ வலி என்று அது வேடம் மாறி வரலாம். வாய்வுக் குற்றமென்று இஞ்சித் தேநீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வோர் பலர்.

எழுபதைத் தாண்டியபின் இருபாலாரிடத்தும் கொலஸ்ட்ரோல் இறங்கத் தொடங்கும். இதனை எப்பொழுதும் நற்செய்தியாகக் கொள்ளலாகாது. உணவு குறைந்தோ உள்ளே வேறு நோய் இருந்தோ உடல் மெலிந்தாலும் அந்த எண் இறங்கும்.

வயது, பால் என்னும் இவ்விரு கணக்குகளையும் மீறுவது ஒன்று உண்டு. அது பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்ட்ரோல். ஏறத்தாழ 250 அல்லது 300 பேருள் ஒருவருக்கு இக்குறை அமைந்திருக்கும். ஈரலின் வாங்கிகள் பிறவியிலேயே குறைந்தோ பழுதடைந்தோ இருப்பதால், குழந்தைப் பருவத்திலேயே எல்.டீ.எல். மிக உயர்ந்து நிற்கும். சிகிச்சை பெறாவிடின் ஆண்களுட் பாதிப்பேர் ஐம்பது வயதுக்குள்ளும், பெண்களுள் நூற்றுக்கு முப்பது பேர் அறுபது வயதுக்குள்ளும் இருதய நோய்க்கு ஆளாவர் என்பது கணக்கு. இங்கும் பெண்ணுக்குக் கிடைப்பது அந்தப் பத்தாண்டுத் தவணையே. ஒரு குடும்பத்தில் எவரேனும் இளவயதிலே மாரடைப்புக்கு உள்ளானால், அவருடைய உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் சோதிப்பது வைத்திய முறை. பெற்றோருள் ஒருவரிடமுள்ள இக்குறை ஒவ்வொரு பிள்ளைக்கும் செல்வதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மகனாயினும் மகளாயினும் அதில் பேதமில்லை.