மேனுவலா, ஆட்டோவா? பழைய ஜீப் வாங்குமுன் யோசியுங்கள்

கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் அவை மேனுவல் கியர் வண்டிகள். அதைப் பார்த்துவிட்டு, பழைய ஃபோர் வீல் டிரைவ் என்றாலே மேனுவல்தான் வாங்க வேண்டும் என்று பலரும் எண்ணுகின்றனர். இது பாதிதான் உண்மை.

செங்குத்தான இறக்கத்தில் மேனுவல் கைகொடுக்கும். லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பழைய ஆட்டோ கியரில் இந்தப் பிடிப்பு குறைவு. பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடி தளரும், உயிருக்கே ஆபத்து.

சேற்றிலும் மணலிலும் நிலைமை வேறு. ஆட்டோவில் இன்ஜினின் சக்தி எண்ணெய் வழியாகக் கியருக்குச் செல்வதால், சக்கரம் மெதுவாக, விடாமல் சுழலும். கியர் மாற்றும் நொடியில் வேகம் குறைந்து வண்டி புதைவதில்லை. கிளட்ச் கருகும் கவலையும் இல்லை.

ஆனால், வண்டி பழையது என்பதை மறந்துவிடக் கூடாது. தேய்ந்த கிளட்சைச் சாதாரணப் பட்டறையிலேயே மாற்றிவிடலாம். ஆட்டோ கியர்பெட்டி பழுதானால் செலவு பன்மடங்காகும். எனவே, ஆட்டோ வாங்குவோர் கியர் எண்ணெயை முதலில் பார்க்க வேண்டும். அது கறுத்து, தீய்ந்த வாடை வீசினால் அந்த வண்டியைத் தவிர்ப்பதே நல்லது. மேனுவல் வாங்குவோர் மேட்டில் ஏற்றிப் பார்க்கலாம். எண்ணெய் மிதிக்கும்போது இன்ஜின் மட்டும் இரைந்து, வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

தினமும் மலை ஏறி இறங்குவோருக்கு மேனுவல் பொருந்தும். நகர நெரிசலில் ஓட்டி, எப்போதாவது காட்டுப் பாதைக்குச் செல்வோருக்கு, நன்கு பராமரிக்கப்பட்ட ஆட்டோவே வசதி.