பிடித்துக்கொள்ளும் கை

ஒரகடம் பக்கம் உதிரிபாகக் கம்பெனிகளில் பவர் பிரஸ் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்: இரண்டு பட்டனையும் இரு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். விரல் நசுங்காமலிருக்கச் செய்த ஏற்பாடு. ஒரு பட்டனில் குச்சியைச் செருகிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுகிற கெட்டிக்காரர்களும் உண்டு. பெருமூளை வாதத்தால் (செரிப்ரல் பால்சி) உடம்பின் ஒரு பக்கம் வலுவிழந்த குழந்தையும் இந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான் பழகிக்கொள்கிறது. எல்லா வேலையையும் நல்ல கையே முடித்துவிடும்.

ஆறு மாதக் குழந்தை எதற்கும் இடக்கையையே நீட்டினால், ‘தாத்தா மாதிரி இடக்கைக்காரன்’ என்று வீட்டில் பூரித்துப்போவார்கள். ஆனால் ஒரு வயதுக்கு முன் கைப்பழக்கம் தெளிவாக அமைவதில்லை. அதற்குள் ஒரு கையையே நாடினால், மற்றக் கைக்கு என்ன ஆயிற்று என்று டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பிறக்கும்போது மூளையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரு கைகளுக்கும் நரம்புப் பாதை உண்டு. வளர வளரப் போட்டி நடந்து, எதிர்ப்பக்கக் கைக்குப் போகும் பாதை வலுப்பெறும். தன் பக்கத்துப் பாதை பெரும்பாலும் தேய்ந்துவிடும். ஒரு பாதி அடிபட்டிருந்தால் போட்டிக்கே ஆளில்லை. நல்ல பாதியே இரு கைகளையும் ஆளத் தொடங்குவதுண்டு. இப்படிப்பட்ட சில குழந்தைகள் ஒரு கையை மூடினால் மற்றதும் கூடவே மூடிக்கொள்ளும்!

அமெரிக்காவின் எட்வர்ட் டாப், குரங்குகளின் ஒரு கையில் உணர்வு நரம்புகளைத் துண்டித்துப் பார்த்தார். அசைக்க முடிந்தும் அவை அந்தக் கையைப் பயன்படுத்தவில்லை. நல்ல கையைக் கட்டிப்போட்டதும் கைவிட்ட கை வேலைக்கு வந்தது. இதிலிருந்து பிறந்ததுதான் நல்ல கைக்கு உறை மாட்டி, மற்றதை மணிக்கணக்கில் விளையாட விடும் சிகிச்சை. பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கார்டன் குழுவினர், எதையும் கட்டாமல், இரண்டு கையும் சேர்ந்தால்தான் முடியும் விளையாட்டுகளைக் கொடுத்தார்கள். பயிற்சி நேரம் சமமாக இருந்தபோது இரண்டு முறையிலும் பலன் ஏறக்குறைய ஒன்றே. அதாவது, நேரம்தான் மருந்து. அதுவும் 60 மணி நேரம், 90 மணி நேரம் என்று!

முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசு நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. ஆனால் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கும் பெற்றோர் இத்தனை மணி நேரத்துக்கும் அங்கே போய் உட்கார முடியாது. தெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பதில் பெரும்பகுதி வீட்டில்தான் நடந்தாக வேண்டும். வேர்க்கடலை உரிக்கலாம், சட்டைப் பொத்தான் போடலாம். வலுவில்லாத கை எழுதவோ ஊசி கோக்கவோ வேண்டாம். டிபன் பாக்ஸை அது வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் போதும். மூடியை மற்றக் கை திறந்துவிடும்.