தேய்மானத்துக்குக் கடை உண்டு, துருவுக்கு இல்லை

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர் முதலில் பானெட்டைத் திறக்கிறார். ஸ்டார்ட் செய்து புகையின் நிறத்தைப் பார்க்கிறார், ஆயில் குச்சியை உருவிப் பார்க்கிறார், டயரில் எவ்வளவு பட்டன் மிச்சம் என்று தடவிப் பார்க்கிறார், கொஞ்ச தூரம் ஓட்டி கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கவனிக்கிறார். எல்லாம் பார்க்க வேண்டியவையே. ஆனால் இவற்றில் எது கெட்டிருந்தாலும் பணம் கொடுத்தால் சரியாகிவிடும். கிளட்ச் பிளேட் தாலுகா ஊரிலேயே கிடைக்கும். இன்ஜினைப் பிரித்து போரிங் போட லேத் பட்டறைகள் இருக்கின்றன. டயருக்குப் பஞ்சமே இல்லை. பணம் கொடுத்தாலும் எளிதில் கிடைக்காதவை வண்டிக்கு அடியில் இருக்கின்றன. சேசிஸ், அதன் குறுக்குச் சட்டங்கள், ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் ஹேங்கர் பிராக்கெட், டேங்கைக் கட்டிய இரும்புப் பட்டி, ஸ்டெப்னியைத் தூக்கிப் பிடிக்கும் கேரியர், பின் சக்கரம் வரை ஓடும் பிரேக் பைப். குனிந்து டார்ச் அடிக்காமல் இவற்றின் நிலை தெரியாது. பழைய பிக்கப்பின் மிச்ச ஆயுளைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இவையே.

துரு ஒரு தொல்லை, ஸ்பேர் கிடைக்காதது இன்னொரு தொல்லை என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஸ்பேர் கடை எதை அடுக்கி வைக்கும்? ஓட ஓடத் தேய்வதை. பிரேக் லைனிங், ஃபில்டர், பேரிங், பெல்ட், கிங்பின் எல்லாம் நாமக்கல்லில் ஓடும் வண்டிக்கும் தேயும், நாகப்பட்டினத்தில் ஓடும் வண்டிக்கும் தேயும். நாடு முழுக்கக் கிராக்கி இருப்பதால் ஒரிஜினல் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனிப் பொருளாவது கிடைக்கும். ஹேங்கர் பிராக்கெட்டோ குறுக்குச் சட்டமோ அப்படித் தேய்வதில்லை. வண்டி உள்ள வரை இருக்கும் என்ற கணக்கில் தொழிற்சாலையில் ரிவெட் அடித்து அனுப்பப்பட்டவை அவை. உள்நாட்டில் ஓடும் வண்டிக்கு இவை அநேகமாக மாற்றப்படுவதே இல்லை. கேட்பவர்கள் பெரும்பாலும் கடலோரத்துக்காரர்கள். அந்தச் சிறு கூட்டத்துக்காக எந்த வியாபாரியும் இரும்பை வாங்கி அடுக்கி முதலை முடக்க மாட்டார். மாடல் நின்றுவிட்டால் கம்பெனியும் இவற்றைச் செய்வதை நிறுத்திவிடும். ஆக, துரு எந்தப் பாகத்தைத் தின்கிறதோ அந்தப் பாகத்துக்குத்தான் கடை இல்லை. எதை வாங்கலாம், எதைச் செய்துகொள்ளலாம், எதற்கு வழியே இல்லை என்பதை வண்டி வாங்குமுன் யோசிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கடலோரத்தில் துரு ஏன் இவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது என்பதற்கு மழையைவிட உப்பே முக்கியக் காரணம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. பெரும்பகுதி சோடியம் குளோரைடு. கூடவே மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு ஈரத்தை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடலோர இரவுகளில் அந்த அளவு சாதாரணம். மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். அடுக்களையில் கல்லுப்புப் பாத்திரம் கசிவது போல, சேசிஸ் இடுக்கில் படிந்த உப்பும் மழையே இல்லாத மாதத்திலும் கசிந்துகொண்டிருக்கும். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் இரும்பு அரிபடும் வேகமும் கூடுகிறது. மீன் ஏற்றும் வண்டிக்கு இன்னொரு கேடும் உண்டு. பெட்டியில் உருகும் ஐஸ் தண்ணீர் லோடு பாடியின் இடைவெளி வழியாக நேரே பின் அச்சின் மேலுள்ள சேசிஸ் மீது சொட்டுகிறது. வண்டியின் முன்பகுதி பளபளப்பாக இருக்க, பின் ஸ்பிரிங் பட்டை மாட்டிய இடம் மட்டும் அடை அடையாகப் பொரிந்திருப்பது இதனால்தான். தூத்துக்குடிப் பக்கம் உப்பு ஏற்றிய வண்டிகளின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

“சேசிஸ் துரு எல்லா வண்டியிலும் இருப்பதுதான், அதற்காக இவ்வளவு பயப்பட வேண்டுமா?” என்று தரகர் கேட்பார். இதற்கு அமெரிக்காவில் நடந்ததே பதில். அங்கே குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்பு தூவுகிறார்கள். 1995 முதல் 2000 வரையிலான டொயோட்டா டகோமா பிக்கப்புகளின் சேசிஸ் அந்த உப்பில் ஓட்டை விழும் அளவுக்கு அரித்துப்போக, 2008இல் அந்நிறுவனம் சேசிஸ் துருவுக்கு 15 ஆண்டு வாரன்டி அறிவித்தது. மோசமாக அரித்த வண்டிகளைச் சந்தை மதிப்பைப் போல் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. 2009இல் 2000 முதல் 2003 வரையிலான டன்ட்ரா பிக்கப்புகள் ரீகால் செய்யப்பட்டன. பின்புறக் குறுக்குச் சட்டம் அரித்து ஸ்டெப்னி சாலையில் விழலாம், அதே இடத்தில் பிரேக் பைப்பும் பாதிக்கப்படலாம் என்பது காரணம். 2016இல் சுமார் 15 லட்சம் வண்டிகளுக்காக 340 கோடி டாலர் வரை மதிப்பிடப்பட்ட சமரசத்துக்கு நிறுவனம் ஒப்புக்கொண்டது. இன்ஜின் உழைப்புக்குப் பேர்போன வண்டிகள் இவை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, அதைச் சுமந்த இரும்பு போய்விட்டது. அங்கே உப்பு சில மாதங்கள்தான் சாலையில் கிடக்கும். நம் கடலோரத்தில் ஆண்டு முழுக்கக் காற்றிலேயே இருக்கிறது. வெப்பமும் அரிப்பை விரைவுபடுத்துகிறது.

பார்க்கும் முறைக்கு வருவோம். ஒரு சிறு சுத்தியலும் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரும் போதும். சேசிஸைச் சீரான இடைவெளியில் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் ஒலி மங்கி, செதிலாகத் துரு கொட்டும். செதில் உதிர்ந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்த வேண்டும். முனை உள்ளே அமுங்கினால் அங்கே இரும்பு இல்லை. சதுரக் குழாய் போல மூடிய சேசிஸ் உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் நன்றாக இருந்தாலும் அடியிலுள்ள வடிகால் துளைகள் சேற்றால் அடைத்திருந்தால் உள்ளே ஈரம் நிற்கிறது என்று பொருள். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ரிவெட் அடிக்கப்பட்ட இணைப்புகளை உற்றுப் பார்க்க வேண்டும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் அந்தத் தகடுகள் இடையில் உப்பி வாய் பிளந்திருக்கும். இதையெல்லாம் தரகரின் கையில் விடக் கூடாது. அடிப்பாகத்துக்குப் புதிதாகக் கறுப்பு அடித்த பழைய வண்டியை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

துரு தெரிந்த பிறகு ஒவ்வொரு பாகத்துக்கும் வழி வேறு. பிரேக் பைப்பை எடுத்துக்கொள்வோம். 4.75 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய இரும்புக் குழாய் அது; சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அதைச் சேசிஸோடு பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பைக் கழற்றிப் பார்த்தால், வெளியே சுத்தமாகத் தெரிந்த பைப் கிளிப்புக்கு அடியில் மட்டும் புழுத்திருக்கும். மணலும் உப்பும் அங்கேதான் சிக்கி நிற்கின்றன. அந்த மாடலுக்கு வளைத்த பைப் கம்பெனியில் வராது என்று சொல்லிவிட்டாலும் கவலை இல்லை. நேர் பைப் வாங்கி, பழையதை அளவாக வைத்து வளைத்து, முனையை இரட்டை மடிப்பாக விரித்துக் கொடுக்கத் தெரிந்த பிரேக் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். செம்போடு சுமார் 10 சதவீதம் நிக்கல் கலந்த பிரேக் பைப் கிடைத்தால் இன்னும் நல்லது. அது உப்புக்கு எளிதில் அரிக்காது, வால்வோ 1976 முதலே தன் கார்களில் அதைப் போட்டுவந்தது. ஃபிரிட்ஜுக்குப் போடும் வெறும் செம்புக் குழாயைப் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் மட்டும் வண்டியை விடக் கூடாது. அதிர்வில் செம்பு இறுகி விரிசல் விடும். பிரேக்கை நம்பி ஏறியவரின் உயிர் அதில் தொங்குகிறது.

ஹேங்கர் பிராக்கெட், டேங்க் பட்டி, ஸ்டெப்னி கேரியர் போன்றவை செய்துகொள்ளக்கூடியவை. பழையது முழுதாகக் கரையுமுன் அதைக் கழற்றித் துளைகளின் இடைவெளியை அளந்து அதே தடிமன் தகட்டில் வெட்டலாம். பாதி போன பிராக்கெட் இன்னும் அச்சாகப் பயன்படும். முழுதும் போனபின் அளவு சொல்ல ஆளில்லை. எந்தத் துருவையும் ‘அடுத்த எஃப்சிக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடாதிருக்க இதுவே வலுவான காரணம். லோடு பாடிக்கு நம் ஊர் பாடி கட்டும் பட்டறைகளே போதும். கண்ணாடி பீடிங், கதவு ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள், ஈசியூ இவற்றைப் பட்டறையில் செய்ய முடியாது. கிடைக்கும் காலத்திலேயே இரண்டாக வாங்கி வைப்பது நல்லது.

சேசிஸை வெல்டிங் செய்யலாமா என்பதுதான் பெரிய சர்ச்சை. கூடவே கூடாது என்கிறவர்களின் அச்சம் நியாயமானது. ஓட்டையின் மேல் ஒரு சதுரத் தகட்டை ஒட்டி நான்கு பக்கமும் வெல்டிங் ஓட்டிய வேலைகளைப் பார்த்தால் எவரும் அப்படித்தான் சொல்வார்கள். பாரம் ஏறும்போது சேசிஸ் வளைய முயல்கிறது. அந்த இழுவிசையையும் அழுத்தத்தையும் தாங்குபவை மேல், கீழ் மடிப்புகள். நடுத் தகட்டுக்கு வேலை குறைவு. பாடி கட்டுவோருக்கான வழிகாட்டிகளில் மடிப்பில் துளை போடாதே என்று எழுதுவது இதற்காகத்தான். ஆகவே நடுத் தகட்டில் சிறு ஓட்டை என்றால் நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே தடிமன் தகடு வைத்து அடைப்பது தவறில்லை. அதன் மேல் வலுத்தகடு வைப்பதானால் அதன் முனைகளைச் சாய்வாக வெட்ட வேண்டும். மடிப்புக்குக் குறுக்கே நேர்கோட்டில் வெல்டிங் ஓடினால் விரிசல் அந்தக் கோட்டிலேயே பிறக்கும். டேங்கையும் பிரேக் பைப்பையும் விலக்கி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங் ராடைத் தொட வேண்டும். வெல்டிங் சூட்டில் உட்பக்கப் பெயின்ட் கருகிவிடும் என்பதால் முடிந்ததும் துளை வழியாக உள்ளே துருத் தடுப்பு மெழுகு அடிக்காவிட்டால், அடுத்த ஓட்டை வெல்டிங் ஓரத்திலேயே விழும். மடிப்பே அரித்திருந்தாலோ, ஸ்டியரிங் பாக்ஸ் மாட்டிய இடமும் பின் ஸ்பிரிங் ஹேங்கரும் சேர்ந்து போயிருந்தாலோ வெல்டிங் பேச்சே வேண்டாம்.

அப்படியானால் சென்னை புதுப்பேட்டையில் பழைய சேசிஸ் வாங்கி மாற்றிவிடலாமே என்பார்கள். பழைய பொருள் சந்தை ஏழை வண்டிக்காரருக்குப் பெரிய துணை. கதவு, கியர்பாக்ஸ், அச்சு என்று நிறைய மீட்கலாம். சேசிஸ் மட்டும் வேறு. ஆர்சி புத்தகத்தில் உள்ள எண் அந்த இரும்பில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. வேறு எண்ணுள்ள சேசிஸில் ஆர்டிஓ அனுமதி இல்லாமல் ஓடும் வண்டிக்கு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் கேட்பார். எண் உள்ள பகுதியை வெட்டி ஒட்டுவது குற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தும். உள்நாட்டு ரிஜிஸ்திரேஷன் பார்த்து வாங்கினால் போதும் என்பதும் அரை உண்மை. சேலம் எண் தாங்கிய வண்டி ஐந்து வருடம் ராமேஸ்வரத்தில் மீன் ஏற்றியிருக்கலாம். எண் பலகை சொல்லாததைச் சுத்தியல் சொல்லிவிடும்.

தடுப்பு விஷயத்தில் நம்மிடம் புழங்கும் இரண்டு பழக்கங்கள் கேடு செய்கின்றன. துருவின் மேலேயே கெட்டியான அண்டர்கோட்டிங் அடிப்பது ஒன்று. உப்பும் ஈரமும் உள்ளே சிறைப்பட்டு, வெளியே தெரியாமல் அரிப்பு நடக்கும். கழிவு ஆயிலை வாரி அடிப்பது இன்னொன்று. கொஞ்சம் தடுக்கும்தான், ஆனால் புஷ், பிரேக் ஹோஸ் போன்ற ரப்பர் ஊறிப்போகும், சொட்டுவது மண்ணைக் கெடுக்கும். லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுவது, வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வைப்பது, மேலோட்டமான துருவைச் சுரண்டி பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி தடவி, எபாக்சி பிரைமர் அடித்து, மூடிய பகுதிக்குள் மெழுகு விடுவது: இந்த வரிசையில் முதல் இரண்டுக்குச் செலவே இல்லை, பலனில் பெரும்பங்கு அவற்றில்தான். மீன் வண்டிக்கு ஐஸ் தண்ணீரைச் சேசிஸுக்கு வெளியே கொண்டுபோய் விடும் ஒரு ரப்பர் குழாய் பொருத்தினால், பின் அச்சின் மேலுள்ள இரும்பு பல வருடம் கூடுதலாக நிற்கும்.

ஏழை வியாபாரியிடம் புது வண்டி வாங்கு என்பது எளிது. அவருக்கு அந்த வண்டிதான் பிழைப்பு. மடிப்பு கெடாத சேசிஸைக் காப்பாற்றி ஓட்டுவது அவருக்கும் லாபம், நாட்டுக்கும் இரும்பு மிச்சம். கம்பெனிகளிடம் நான் கேட்பது பெரிய உதவியல்ல. ஒரு மாடலின் அடிப்பாக உதிரிகளைச் செய்வதை நிறுத்தும் நாளில், அந்தப் பிராக்கெட்டுகளின் அளவு வரைபடத்தையும் தகட்டின் தரத்தையும் யாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடட்டும். துளை இடைவெளி, வளைவுக் கோணம், தடிமன் என்று ஒரே ஒரு தாள் கையில் இருந்தால், காசிமேட்டிலோ நாகையிலோ உள்ள பட்டறைக்காரர் கரைந்துபோன பிராக்கெட்டைக்கூடச் சரியாகச் செய்து மாட்டிவிடுவார்.