பாண்டுக்குத் துணை போனவர்கள்

பழைய ஜேம்ஸ் பாண்ட் படங்களில் பல நாட்டு முகங்களும் உண்டு. ஜமைக்கா, இஸ்தான்புல், ஜப்பான், உதய்ப்பூர் என்று கேமரா ஊர் ஊராகச் சுற்றியது. அந்தக் காலத்திலேயே உலகத்தைத் திரைக்குக் கொண்டுவந்த படங்கள் என்று இவற்றைப் பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் யாருக்கு எந்த வேடம் கிடைத்தது, படம் முடியும்போது யார் உயிரோடு இருந்தார்கள் என்று கேட்டால்தான் உண்மை தெரியும். 1962-இல் வந்த முதல் படமான ‘டாக்டர் நோ’வில், கதைப்படி வில்லன் பாதிச் சீனர், நடித்தவரோ கனடாவில் பிறந்த வெள்ளைக்காரர் ஜோசப் வைஸ்மன். மிஸ் டாரோவாக வந்தவரும் ஒப்பனையால் சீனச் சாயல் பெற்ற பிரிட்டிஷ் நடிகைதான். பாண்டுக்குப் படகோட்டும் குவாரலாக நடித்த ஜான் கிட்ஸ்மில்லர் அமெரிக்கக் கறுப்பினத்தவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தோடு இத்தாலிக்குப் போய், அங்கேயே தங்கி நடிகரானவர். 1957-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். அதைப் பெற்ற முதல் கறுப்பின நடிகர் அவரே. அப்பேர்ப்பட்ட கலைஞருக்கு இந்தப் படம் தந்த வேலை, பாண்ட் சொன்னதும் காலணியை எடுத்து வருவது, தீ கக்கும் கவச வண்டியை டிராகன் என்று நம்பிப் பயப்படுவது, அந்தத் தீயிலேயே வெந்து சாவது. படம் வெளியானபோது ஜமைக்கா சுதந்திரம் பெற்று இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

அன்றைய காலம் அப்படி என்பார்கள். கிட்ஸ்மில்லரின் திறமையைக் கண்டு விருது கொடுத்த கான் நடுவர்களும் அதே காலத்தவர்தானே? உளவுப் படமென்றால் துணைப் பாத்திரம் சாகத்தான் செய்யும், வெள்ளைக்காரப் பெண்களும் சாகிறார்களே என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனாலும் சி.ஐ.ஏ. நண்பர் ஃபெலிக்ஸ் லைட்டர், நடிகர்கள் மாறினாலும், திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தார். அந்தப் பேறு உள்ளூர்த் துணைவர்களில் பலருக்கு வாய்க்கவில்லை. 1973-இல் வந்த பாண்ட் படத்தில் குவாரலின் மகன் உயிர் தப்பினான் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தப் படத்தில் யாஃபெட் கோட்டோவுக்குக் கம்பீரமான வில்லன் வேடம் கிடைத்தது. ஆனால் ஹார்லெமில் எதிர்ப்படும் கறுப்பினத்தவர் கிட்டத்தட்ட எல்லாரும் அவருடைய ஆட்களாகவே காட்டப்பட்டார்கள்.

1983-இல் வெளியான ‘ஆக்டோபஸி’ உதய்ப்பூருக்கு வந்தது. சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் மகுடி ஊதிக்கொண்டு அறிமுகமாகி, பாண்டுக்காக ஆட்டோ ஓட்டி, கடைசியில் கொல்லப்படுகிறார். ஆப்கன் இளவரசராக வந்தவர் பிரெஞ்சு நடிகர் லூயி ஜூர்தான். கபீர் பேடிக்கு அவருடைய அடியாள் வேடம். அதே ஆண்டு வேறொரு நிறுவனம் ஷான் கானரியை வைத்து எடுத்த ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ படத்தில் ஃபெலிக்ஸ் லைட்டராக நடித்தவர் கறுப்பினத்தவரான பெர்னி கேசி. கதையில் எதையும் அதற்காக மாற்ற வேண்டியிருக்கவில்லை. மூலத் தொடரில் அந்த வேடம் ஒரு கறுப்பின நடிகருக்கு, ஜெஃப்ரி ரைட்டுக்கு, 2006-இல்தான் கிடைத்தது.