ஐந்தொகை பேசுகிறது – 14: நூறு வயதுப் பத்திரம், இன்றைய விலை

2021 மார்ச் 10ஆம் தேதி பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட ஒரு சுற்றறிக்கை மும்பையின் கடன் பத்திரச் சந்தையைக் கலங்கடித்தது. வங்கிகளின் நிரந்தரக் கடன் பத்திரங்களை மியூச்சுவல் ஃபண்டுகள் மதிப்பிடும்போது, அவை வெளியான நாளிலிருந்து நூறு ஆண்டுகள் கழித்தே முதிர்வடையும் என்று வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்றது அந்தச் சுற்றறிக்கை. மறுநாளே மத்திய நிதியமைச்சகத்திலிருந்து செபிக்குக் கடிதம் போனது. மதிப்பீட்டு விதியைத் திரும்பப் பெறுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

ஏடி-1 எனப்படும் இந்தப் பத்திரங்களுக்கு முதிர்வுத் தேதி கிடையாது. வங்கி வட்டி கொடுத்துவரும். அசலைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் ஐந்தாம் ஆண்டிலோ பத்தாம் ஆண்டிலோ வங்கி விரும்பினால் பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். பெரும்பாலான வங்கிகள் அப்படியே முடித்து வந்ததால், வாங்குவோரும் விற்போரும் அந்தத் தேதியையே முதிர்வாக நினைத்து விலை பேசினார்கள். 2020 மார்ச்சில் யெஸ் வங்கி மீட்கப்பட்டபோது 8,415 கோடி ரூபாய் ஏடி-1 பத்திரங்கள் ஒரேயடியாகச் செல்லாக்காசாயின. அதற்குப் பிறகு செபி கவலைப்பட்டதில் தவறே இல்லை.

முதிர்வுத் தேதியை மாற்றுவதால் அப்படியென்ன ஆகிவிடும்? முகமதிப்பு 100 ரூபாய், ஆண்டு வட்டி 9 ரூபாய் என்றொரு பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். 10 சதவிகித வருமானம் கிடைத்தால்தான் வாங்குவோம் என்கிறார்கள் முதலீட்டாளர்கள். ஐந்தாண்டில் அசல் வந்துவிடும் என்றால், வரப்போகும் வட்டியையும் அசலையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் 96 ரூபாய் 21 காசு. அசல் வர நூறாண்டு ஆகும் என்றால் 90 ரூபாய்தான். எதிர்பார்ப்பு இன்னும் ஒரு சதவிகிதம் ஏறி 11 ஆனால், முதல் கணக்கில் விலை 92 ரூபாய் 61 காசுக்கு இறங்கும். இரண்டாவதில் 81 ரூபாய் 82 காசுக்குச் சரியும். பத்திரம் அதேதான், வட்டியும் அதேதான். ஆனால் எந்தக் கணக்கைப் போடுகிறோமோ, அந்த விலைதான் அன்றிரவு ஃபண்டின் யூனிட் மதிப்பான என்.ஏ.வி.யில் ஏறும். விலை விழும் என்று பயந்து ஃபண்டுகள் விற்கத் தொடங்கினால், அரசு வங்கிகள் புதிதாக மூலதனம் திரட்டுவதே கடினமாகிவிடும். நிதியமைச்சகத்தின் பதற்றம் அதனால்தான்.

செபி 12 நாளில் இறங்கி வந்தது. முதலில் பத்து ஆண்டு, பிறகு 20, பிறகு 30, 2023 ஏப்ரல் முதல் நூறு என்று படிப்படியாக ஏற்றிக்கொள்ளச் சொன்னது. வயது தள்ளிப்போனது, அடிப்படைக் கேள்விக்குப் பதில் வரவில்லை. இன்று அந்தப் பத்திரத்தைச் சந்தையில் கொண்டுபோய் நிறுத்தினால் வாங்குபவர் என்ன கொடுப்பார் என்பதே அந்தக் கேள்வி.

நியாய மதிப்பு என்று கணக்கியல் சொல்வதும் இதைத்தான். உலகத் தரநிலையான ஐ.எஃப்.ஆர்.எஸ். 13 இதை 2011இல் வரையறுத்தது. அதன் இந்திய வடிவம் இண்ட் ஏ.எஸ். 113, 2016 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்களுக்கு அமலுக்கு வந்தது. சொத்தாக இருந்தால், மதிப்பிடும் நாளில் விற்றால் கையில் வரும் விலை. கடனாக இருந்தால், அதை இன்னொருவர் தலையில் மாற்றிவிடக் கொடுக்க வேண்டிய தொகை. நெருக்கடியில் மாட்டிக்கொண்டு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவது கணக்கில் சேராது. வாங்கிய விலையும் சேராது. வைத்திருப்பவரின் ஆசையும் சேராது. விவரம் தெரிந்த, அவசரம் இல்லாத இரண்டு பேர் எந்த விலைக்குக் கை குலுக்குவார்களோ, அதுதான். நிலத்துக்கு அரசு போடும் வழிகாட்டி மதிப்பு பத்திரப்பதிவுக்கு உதவும்; மனையை வாங்க வருபவர் அதைப் பார்த்து விலை பேசுவதில்லை. செபியின் நூறாண்டும் அப்படிப்பட்ட வழிகாட்டி மதிப்பாகத்தான் இருந்தது.

இண்ட் ஏ.எஸ். 2023 ஏப்ரலில் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் வந்தபோது இந்த முரண் பளிச்சென்று தெரிந்தது. கணக்கியல் தரநிலைகளைக் கண்காணிக்கும் தேசிய நிதி அறிக்கை ஆணையம் சந்தையில் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்து, வங்கி முடித்துக்கொள்ளக்கூடிய தேதியை வைத்தே வியாபாரம் நடக்கிறது, ஆகவே மதிப்பும் அதன்படியே இருக்க வேண்டும் என்றது. 2024 ஆகஸ்ட் 5ஆம் தேதி செபி அதை ஏற்றுக்கொண்டது. மூன்றரை ஆண்டு இழுபறியில் சந்தையின் வழக்கம் ஜெயித்தது. அதுவே சரி. ஆபத்தான பத்திரத்தை ஃபண்டுகள் அளவுக்கு மீறி வாங்குவதைத் தடுக்க அதே 2021 சுற்றறிக்கையில் உச்சவரம்பும் இருந்தது. ஆபத்தைக் கட்டுப்படுத்த அதுதான் கருவி. விலையைத் திருகுவது அல்ல.

சந்தை விலை கண்ணுக்குத் தெரியும்போது இவ்வளவு சிக்கல் இல்லை. தேசியப் பங்குச் சந்தையில் தினமும் கைமாறும் பங்குக்கு மாலையில் இறுதி விலை இருக்கிறது; அதை எண்ணிக்கையால் பெருக்கினால் வேலை முடிந்தது. தரநிலை இதை முதல் படி என்கிறது. அதே பொருளுக்கு நேரடி விலை இல்லாமல், அதை ஒத்த பத்திரங்களின் வட்டி விகிதம், டாலர் மாற்று விகிதம் போன்றவற்றிலிருந்து கணக்கிட்டு எடுப்பது இரண்டாம் படி. வெளியிலிருந்து பார்க்கக்கூடிய தகவல் போதாமல், நிறுவனம் தன் சொந்த அனுமானங்களையே நம்பிக் கணிப்பது மூன்றாம் படி.

சண்டையெல்லாம் மூன்றாம் படியில்தான். பெங்களூரு பைஜூஸ் நிறுவனத்துக்கு 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்பு சொல்லப்பட்டது. பங்குச் சந்தைக்கே வராத நிறுவனம் அது. 2023 இறுதியில் அதன் பங்குதாரர்களில் ஒன்றான ப்ரோசஸ், நிறுவனத்தின் மதிப்பு 300 கோடி டாலருக்கும் கீழே என்றது. ஏறக்குறைய அதே காலக் கணக்கில் இன்னொரு பங்குதாரரான பிளாக்ராக் போட்ட மதிப்பு சுமார் 100 கோடி டாலர். இருவரும் பார்த்தது ஒரே நிறுவனத்தை. அனுமானங்கள் வேறு, எண்ணும் வேறு. 2024 ஜூனில் ப்ரோசஸ் தன் பங்கின் மதிப்பைப் பூஜ்யம் என்றே எழுதிவிட்டது.

கடன் பக்கம் வந்தால் விஷயம் இன்னும் விசித்திரம். ஒரு வங்கி தடுமாறுகிறது என்று சந்தை நினைத்தால், அது வெளியிட்ட பத்திரங்களின் விலை விழும். நியாய மதிப்பில் எழுதினால் அந்தக் கடன் சுருங்கும். சுருங்கிய அளவு லாபமாகும். 2011 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் அமெரிக்க வங்கியான மார்கன் ஸ்டான்லி காட்டிய நிகர லாபம் 220 கோடி டாலர். அதே காலாண்டின் வருவாயில், தன் கடனுக்கான சந்தை நம்பிக்கை குறைந்ததால் மட்டும் சேர்ந்தது 340 கோடி டாலர். 2009இன் முதல் காலாண்டில் இதற்கு நேர் எதிர்: நம்பிக்கை திரும்பி, கடன் மதிப்பு உயர்ந்ததில் 150 கோடி டாலர் வருவாய் குறைந்து, அந்த வங்கி நஷ்டம் காட்டியது. தன் நிலைமை மோசமாவதால் லாபம் கூடுவது எந்தப் பங்குதாரருக்கும் வழிகாட்டாது. ஐ.எஃப்.ஆர்.எஸ். 9 இதைத் திருத்தி, இந்த வகை ஏற்ற இறக்கத்தைப் பொதுவாக லாப நஷ்டக் கணக்குக்கு வெளியே, இதர விரிவான வருமானத்தில் தனியாகக் காட்டச் சொன்னது.

நியாய மதிப்பே வேண்டாம், வாங்கிய விலையிலேயே எழுதுவோம் என்பவர்களும் உண்டு. அவர்கள் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியின் 2022 ஐந்தொகையைப் பார்க்க வேண்டும். முதிர்வு வரை வைத்திருப்போம் என்று ஒதுக்கிய பத்திரங்கள் அதில் 9,130 கோடி டாலராக இருந்தன. அதே வரியில் அடைப்புக்குறிக்குள் நியாய மதிப்பு: 7,620 கோடி. இடைவெளி 1,500 கோடிக்கு மேல். வங்கியின் மொத்த மூலதனமே சுமார் 1,600 கோடிதான். வட்டி விகிதம் ஏறியதால் வந்த இந்த நஷ்டம் லாப நஷ்டக் கணக்கைத் தொடவே இல்லை. 2023 மார்ச் 8ஆம் தேதி, விற்பனைக்கு வைத்திருந்த வேறு பத்திரங்களை 180 கோடி டாலர் நஷ்டத்தில் விற்றதாக வங்கி அறிவித்தது. மறுநாள் வாடிக்கையாளர்கள் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். அதற்கடுத்த நாள் வங்கி மூடப்பட்டது.

இந்திய வங்கிகளுக்கு இண்ட் ஏ.எஸ். இன்னும் வரவில்லை. ஆனால் ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் முதலீடுகளுக்குப் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அமல். மேலே சொன்ன மூன்று படிகளும் அதில் உண்டு. மூன்றாம் படிக் கணக்கில் வரும், இன்னும் கைக்கு வராத லாபத்திலிருந்து டிவிடெண்ட் கொடுக்கக் கூடாது. முதன்மை மூலதனத்திலிருந்தும் அதைக் கழித்துவிட வேண்டும். தானே போட்ட அனுமானத்தில் வந்த லாபத்தை வங்கி பங்கு போட்டுக் கொடுக்க முடியாது என்பது நல்ல கட்டுப்பாடு. வங்கிப் பங்கு வைத்திருப்பவர்கள் ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் முதலீடுகளின் நியாய மதிப்பு அட்டவணையைத் தேடி, மூன்றாம் படியில் எவ்வளவு இருக்கிறது, போன வருடத்தைவிட அது ஏறியிருக்கிறதா என்று பார்க்கலாம். வங்கிகள் கொடுத்த வீட்டுக் கடனும் தொழில் கடனும் அந்த அட்டவணையில் இருக்காது. அவற்றுக்கு வேறு கணக்கு இருக்கிறது. அது அடுத்த வாரம்.