இது தண்டமல்ல, வெறும் பில்

வடமேற்கு லண்டனில் ஒரு கலியாணம். மண்டப வாசலில் மேசை போட்டு டேப்லெட் ஒன்று வைத்திருந்தார்கள். காரில் வந்தவர்கள் அதில் தங்கள் கார் நம்பரை அடித்துவிட்டு உள்ளே போக வேண்டும். எங்கள் தெரு அண்ணை ஒருவர், ஒரு கையில் பரிசுப் பொதியும் மறு கையில் பேத்தியுமாக நின்றபடி, ஒற்றை விரலால் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். பன்னிரண்டாம் நாள் தபாலில் கடிதம் வந்தது. அவருடைய காரின் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள். உள்ளே போனது மாலை 5.42, வெளியே வந்தது இரவு 11.50. கட்ட வேண்டியது 100 பவுண்ட், 14 நாளுக்குள் கட்டினால் 60.

"தம்பி, இதைக் கட்டாட்டி பொலிஸ் வருமோ? லைசென்ஸில பொயின்ட் போடுவாங்களோ?" என்று கடிதத்தை நீட்டினார்.

பொலிஸ் வராது, பொயின்ட்டும் விழாது. அவர் கையில் இருந்தது தண்டமே அல்ல. பிரித்தானியாவில் 'பிசிஎன்' என்ற மூன்றெழுத்தின் கீழ் இரண்டு வேறு சாதிக் கடிதங்கள் வருகின்றன. கவுன்சில் அனுப்புவது 'பெனல்ட்டி சார்ஜ் நோட்டீஸ்'. அதற்குச் சட்டத்தின் அதிகாரம் உண்டு. தனியார் நிறுவனம் அனுப்புவது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்'. அது ஒரு பில். பலகையில் நிபந்தனை எழுதியிருந்தோம், நீங்கள் காரை விட்டதால் அதற்குச் சம்மதித்தீர்கள், மீறினீர்கள், எனவே பணம் தாருங்கள் என்பதுதான் அதன் மொத்த வாதம். இரண்டுக்கும் சுருக்கெழுத்து ஒன்றாக அமைந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இந்தக் கடிதம் வந்தால் நம்மவர்களிடம் இரண்டே புத்திமதிதான் கிடைக்கும். ஒன்று, "வில்லங்கம் வேண்டாம், பேசாமல் கட்டு". மற்றது, "கிழித்துக் குப்பையில் போடு, அவன் ஒன்றும் செய்யேலாது". இரண்டாவதற்கு ஒரு காலம் இருந்தது. காரை ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டால் நிறுவனத்தால் யாரையும் பிடிக்க முடியாத காலம் அது. 2012 அக்டோபர் 1-ஆம் தேதி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனியார் நிலத்தில் சில்லுக்குப் பூட்டுப் போடுவது தடைசெய்யப்பட்டது. பூட்டுப் போனதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஈடாக அதே சட்டத்தின் நான்காம் அட்டவணை, ஓட்டியவர் தெரியாதபோது காரின் பதிவுப் பத்திரமான லொக் புக்கில் பெயர் உள்ளவரிடம் பணம் கேட்கும் உரிமையைக் கொடுத்தது. இதை மறந்துவிட்டோம். லொக் புக்கில் உள்ள பெயரையும் விலாசத்தையும் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ ஒரு காருக்கு 2.50 பவுண்ட் வாங்கிக்கொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கிறது.

பிறகு 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 'பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ்' வழக்கில் தீர்ப்புச் சொன்னது. செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணி நேரம் இலவசமாக விடக்கூடிய கடைத்தொகுதி. பீவிஸ் 56 நிமிடம் கூட நின்றார். 85 பவுண்ட் கேட்டார்கள். நிறுவனத்துக்கு உண்மையில் அவ்வளவு நட்டம் இல்லையே என்பது அவருடைய வாதம். எடுபடவில்லை. இடம் சுழற்சியாக எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் நியாயமான நலன் இருக்கிறது, தொகையும் அளவுக்கு மீறியதல்ல என்றது நீதிமன்றம். ஆனால் அந்தத் தீர்ப்பு நின்ற கால்களில் ஒன்று, பலகைகள் பெரிதாக, பல இடங்களில், தெளிவாக வாசிக்கக் கூடியனவாக இருந்தன என்பது. புதருக்குள் மறைந்த பலகைக்கும், இரவில் விளக்கில்லாத பலகைக்கும் பீவிஸ் வழக்கு துணைக்கு வராது.

குப்பைத்தொட்டிப் புத்தியைக் கேட்டவன் நான்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு சூப்பர் மார்க்கெட் வளாகத்தில் கிடைத்த 100 பவுண்ட் கடிதத்தை வாசிக்காமலே போட்டேன். அடுத்ததாகக் கடன் வசூலிக்கும் நிறுவனத்தின் கடிதம் வந்தது, 70 பவுண்ட் கூட்டி. சிவப்பு எழுத்தைப் பார்த்து அதையும் போட்டேன். கடைசியில் நீதிமன்றத் தாள் வந்தபோது அதன்மேல் நீதிமன்றக் கட்டணம் 35, சட்டத்தரணிக்கு 50. ஆக 255. வாசித்திருந்தால் தெரிந்திருக்கும்: அந்த முதல் கடிதத்திலேயே எனக்குச் சாதகமான ஒரு தேதி இருந்தது.

தேதிதான் முதலில் பார்க்க வேண்டியது. கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல், கமராவை மட்டும் நம்பித் தபாலில் அனுப்பினால், காரை நிறுத்திய நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் கடிதம் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். தபாலில் போட்ட இரண்டாவது வேலைநாளில் அது வந்து சேர்ந்ததாகக் கணக்கு. கண்ணாடியில் ஒட்டியிருந்தால் 28 நாள் கழித்து, 56 நாளுக்குள் வர வேண்டும். தவறினால் லொக் புக்காரர் பொறுப்பல்ல. ஓட்டியவரைத்தான் அவர்கள் தேட வேண்டும். அவர் யாரென்று தனியார் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டிய சட்டக் கடமை உங்களுக்கு இல்லை. (பொலிஸ் கேட்டால் கதை வேறு.) பொய் சொல்லச் சொல்லவில்லை. "நான் காரை விட்டேன், நான் திரும்பி வந்தேன்" என்று முறையீட்டில் எழுதுவதுதான் நம்மவர் செய்யும் பெரிய தவறு. "இந்தக் காரின் பதிவு என் பெயரில் உள்ளது, இந்தக் கட்டணத்தை ஏற்கவில்லை" என்று எழுதினால் போதும். விமான நிலையம், ரயில் நிலையம் போன்ற, தனி உபவிதிகள் உள்ள நிலங்களுக்கு இந்த நான்காம் அட்டவணை பொருந்தாது என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்தது நிமிடங்கள். கமரா பதிவது வாசலைக் கடந்த நேரத்தை, காரை நிறுத்திய நேரத்தை அல்ல. வரிசையில் காத்து, இடம் தேடி, பலகையை வாசித்த நேரமெல்லாம் அதற்குள் அடங்கும். இந்தத் துறையின் சங்கங்களே வகுத்த விதிக்கோவைப்படி, முறையாக நிறுத்தியவருக்கு நேரம் முடிந்த பின் 10 நிமிடச் சலுகை உண்டு. சாமான் இறக்க நின்றதற்குக் கேட்டார்களா? 2016-இல் ஒக்ஸ்ஃபோர்டில் 'ஜாப்சன் எதிர் ஹோம்கார்ட்' மேல்முறையீட்டில், தன் குடியிருப்பு வாசலில் சாமான் இறக்க நிற்பது 'பார்க்' செய்வதாகாது என்றார் நீதிபதி. ஃபிளாட்டில் இருப்பவர்கள் வாடகை ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் உங்களுக்கு இடம் எழுதியிருந்தால், பிறகு வந்த நிறுவனம் பலகை நட்டு அதைப் பறிக்க முடியாது.

அண்ணையின் கடிதத்துக்கு வருகிறேன். தேதி சரியாகவே இருந்தது, அந்தக் கதவு மூடியிருந்தது. கடையென்றால் ரசீதோடு மனேஜரிடம் போகலாம். ஒரு தொலைபேசி அழைப்பில் கட்டணத்தை நீக்கிவிடக் கூடும், எல்லாவற்றிலும் எளிய வழி அதுதான். மண்டபத்துக்காரர் கையை விரித்தார், ஆனால் டேப்லெட்டில் அன்று பதிந்த பட்டியலைத் தந்தார். அண்ணையின் நம்பர் அதில் இருந்தது. 2007-இல் வந்த கார், நம்பரின் நடுவில் '07'. பிரித்தானிய நம்பர் தகட்டில் பூச்சியமும் 'ஓ' எழுத்தும் ஒரே வடிவம். அண்ணை 'ஓ' அடித்திருந்தார். ஓரெழுத்துப் பிழையை முதல் முறையீட்டிலேயே மன்னிக்கச் சொல்கிறது அதே விதிக்கோவை. பட்டியலின் படம், கலியாண அழைப்பிதழ், ஐந்து வரிக் கடிதம். 14 நாளுக்குள் முறையிட்டதால், தோற்றிருந்தாலும் 60 பவுண்டுக்கே கட்டும் வாய்ப்பு மிஞ்சியிருக்கும். மூன்று வாரத்தில் நீக்கிவிட்டதாகப் பதில் வந்தது.

மறுத்திருந்தால் அடுத்த படி சுயேச்சை முறையீடு. நிறுவனம் எந்தச் சங்கத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து 'பாப்லா' அல்லது 'ஐஏஎஸ்'. (கலெக்டர் ஐஏஎஸ் அல்ல.) பாப்லாவுக்கு மறுப்பு வந்து 28 நாள் அவகாசம், செலவில்லை, அதன் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் 60 பவுண்டோடு முடிக்கும் தள்ளுபடி வாய்ப்பு அங்கே போய்விடும். ஆகவே பலகை தெளிவாக இருந்து, தேதியும் சரியாக இருந்து, உண்மையிலேயே ஒரு மணி நேரம் கூட நின்றிருந்தால், தள்ளுபடியில் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் புத்தி. எல்லாக் கட்டணமும் அநியாயமல்ல.

வசூல் நிறுவனத்தின் கடிதங்களுக்குப் பயப்பட வேண்டாம். அவர்கள் ஜப்திக்காரர்கள் அல்லர். வீட்டுக்குள் வர முடியாது. பயப்பட வேண்டியது வேறு இரண்டு தாளுக்கு: 30 நாளில் பதில் கேட்கும் வழக்குக்கு முந்தைய கடிதம், அதன் பிறகு வரும் நீதிமன்ற வழக்குத்தாள். வழக்குத்தாள் வந்து சேர்ந்ததாக நீதிமன்றம் கணக்கிடும் நாளிலிருந்து 14 நாளுக்குள் 'பெற்றுக்கொண்டேன்' என்று பதிந்தால், எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும். பேசாமல் இருந்தால் சிசிஜே என்ற தீர்ப்பு விசாரணையின்றியே விழும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆறு வருடம் அது உங்கள் கடன் பதிவில் கிடக்கும். வீட்டுக்கடன் கேட்கப் போகும் நாளில்தான் பலருக்கு அது தெரியவருகிறது. காரணம், தாள் பழைய விலாசத்துக்குப் போயிருக்கும்.

அண்ணையும் அந்த விளிம்பில்தான் நின்றிருக்கிறார். ஈஸ்ட்ஹாமிலிருந்து இங்கே வந்து இரண்டு வருடம். லைசென்ஸில் விலாசம் மாற்றியிருக்கிறார். அதோடு லொக் புக்கும் மாறிவிடும் என்று நினைத்திருக்கிறார். மாறாது, இரண்டும் வெவ்வேறு. பழைய வீட்டில் இப்போது மருமகன் இருப்பதால்தான் கடிதம் கைக்கு வந்தது. முறையீட்டை அனுப்பிய கையோடு டிவிஎல்ஏ தளத்தில் லொக் புக்கையும் மாற்றினோம். ஐந்து நிமிட வேலை, கட்டணம் இல்லை.